செல்வெளி நுண்பைகளை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் நம்பகமாக அளத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏறக்குறைய எல்லாச் செல்களும் சவ்வால் சூழப்பட்ட மிகச் சிறிய பைகளைத் தம்மைச் சுற்றியுள்ள திரவத்தில் வெளியிடுகின்றன. இரத்தத் தட்டணுக்களிலிருந்து உதிரும் இத்தகைய துகள்களை 1967ஆம் ஆண்டில் பீட்டர் உல்ஃப் 'தட்டணுத் தூசி' என்று விவரித்தார். இன்று செல்வெளி நுண்பைகள் என்ற பெயரில், புற்றுநோயிலிருந்து இரத்த உறைவு வரை பல நோய்களின் அடையாளமாக அவை ஆராயப்படுகின்றன. ஓடும் திரவத்தில் செல்களை ஒவ்வொன்றாக லேசர்க் கற்றையைக் கடக்கவைத்து, அவை சிதறும் ஒளியையும் அவற்றில் ஏற்றிய சாயத்தின் ஒளிர்வையும் அளக்கும் முறை ஃப்ளோ சைட்டோமெட்ரி. அம்முறையில் செல்களை அளந்து பழகியவர்கள் அதே கருவியில் நுண்பைகளை அளக்க முற்படும்போது எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

செல்களை அளக்கும் அதே முறையில் நுண்பைகளையும் அளந்தால் என்ன தவறு?

செல்லின் விட்டம் 10 மைக்ரோமீட்டர் என்றும் நுண்பையின் விட்டம் 100 நானோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். விட்டத்தில் 100 மடங்கு வேறுபாடு. மேற்பரப்பில் அது 10,000 மடங்காகவும் கன அளவில் 10 லட்சம் மடங்காகவும் விரிகிறது. செல்லின் மேற்பரப்பில் ஒரு லட்சம் மூலக்கூறுகளாக இருக்கும் ஒரு புரதம், அதே அடர்த்தியில் நுண்பையிலும் இருந்தால், அங்கே சுமார் 10 மூலக்கூறுகள்தாம் இருக்கும். ஒளிச்சிதறலின் நிலை இதைவிட மோசமானது. ஒளியின் அலைநீளத்தைவிட வெகு சிறிய துகள்கள் சிதறும் ஒளி, அவற்றின் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. விட்டம் பாதியானால் சிதறல் 64இல் ஒரு பங்காகிவிடும்.

செல் அளவீட்டில் சமிக்ஞை இரைச்சலுக்கு வெகு மேலே நிற்பதால், வெற்றுப் பஃபரை (மாதிரி கலக்காத கரைசலை) ஓட்டாமல் விடுவது, நீர்த்தலைப் பற்றிக் கவலைப்படாதிருப்பது போன்ற பழக்கங்கள் பெரிய கேடு செய்வதில்லை. நுண்பைகளிலோ சமிக்ஞை இரைச்சலோடு கலந்தே இருக்கிறது. ஒரு பகுதி நுண்பைகள் எப்போதும் கருவியின் கண்டறியும் எல்லைக்குக் கீழே மறைந்துவிடுகின்றன. நுண்பைகளின் எண்ணிக்கை, அளவு சிறுத்துக்கொண்டே போகும்போது செங்குத்தாக உயர்வதால், அந்த எல்லை சற்று இறங்கினாலே எண்ணிக்கை பல மடங்கு கூடிவிடும். எனவே கருவி தரும் எண்ணை மாதிரியின் பண்பாக மட்டும் வாசிக்கக் கூடாது. எல்லையைச் சொல்லாமல் தரப்படும் எண்ணிக்கையை வேறொருவரின் எண்ணிக்கையோடு ஒப்பிட வழியே இல்லை. கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

முன்சிதறலைப் பயன்படுத்துவதா, பக்கச்சிதறலைப் பயன்படுத்துவதா?

முன்சிதறல் என்பது லேசர் செல்லும் திசையை ஒட்டிச் சிதறும் ஒளி; பக்கச்சிதறல் அதற்குச் செங்குத்தாகச் சிதறுவது. பெரும்பாலான கருவிகளில் பக்கச்சிதறலே ஏற்றது. வழக்கமான முன்சிதறல் கண்டறிவான், செல்களின் வலுவான ஒளிக்காக வடிவமைக்கப்பட்டது. லேசர்க் கற்றைக்கு அருகிலேயே இருப்பதால் பின்னணி இரைச்சலும் அங்கே மிகுதி. சிறு துகள்களுக்கென முன்சிதறலை மேம்படுத்திய கருவிகளும் உண்டு. அவற்றுக்கு இது பொருந்தாது. ஊதா நிற 405 நானோமீட்டர் லேசரின் பக்கச்சிதறலை அளக்க முடிந்தால் அது கூடுதல் நன்மை. சிறு துகள்களின் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், மற்றவை சமமாக இருக்கையில், 488 நானோமீட்டரில் கிடைப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஒளி கிடைக்கும்.

பாலிஸ்டைரீன் மணிகளைக் கொண்டு அளவு கேட் (எண்ண வேண்டிய துகள்களைப் பிரித்தெடுக்கும் வரம்பு) அமைத்துள்ளேன். அது போதாதா?

போதாது, வெளியான கட்டுரைகளில் மிகப் பரவலாகக் காணப்படும் பிழைகளில் இதுவும் ஒன்று. துகள் எவ்வளவு ஒளியைச் சிதறும் என்பதை அதன் அளவோடு அதன் ஒளிவிலகல் எண்ணும் சேர்ந்து தீர்மானிக்கிறது. பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் சுமார் 1.6, சிலிக்காவுக்கு 1.45 அளவில், நுண்பைகளுக்கு 1.37 முதல் 1.40 வரை, அவை மிதக்கும் நீர்க்கரைசலுக்கு 1.33க்குச் சற்று மேலே. சுற்றியுள்ள திரவத்திலிருந்து துகளின் ஒளிவிலகல் எண் எவ்வளவு வேறுபடுகிறதோ அதற்கேற்பவே அது ஒளியைச் சிதறும். 100 நானோமீட்டர் அளவில், ஒரே விட்டமுள்ள நுண்பையைவிடப் பாலிஸ்டைரீன் மணி தோராயமாக 20 முதல் 30 மடங்கு அதிக ஒளியைச் சிதறுகிறது.

இதன் விளைவு என்னவென்றால், பாலிஸ்டைரீன் மணிகளை வைத்து '200 முதல் 500 நானோமீட்டர்' என்று வரையப்பட்ட கேட்டுக்குள் விழும் நுண்பைகள், உண்மையில் அந்த எண்களைவிடக் கணிசமாகப் பெரியவை. 'எங்கள் கருவி 100 நானோமீட்டர் மணியைக் காண்கிறது' என்ற விற்பனைத்தாளின் வரியும் நுண்பைகளைப் பொறுத்தவரை உறுதியான செய்தி எதையும் தருவதில்லை. மணி எந்தப் பொருளால் ஆனது என்று விற்பனையாளரைக் கேளுங்கள்.

அப்படியானால் சிதறலை எப்படி அளவுத்திருத்தம் செய்வது?

மணிகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அவற்றை வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டும். விட்டமும் ஒளிவிலகல் எண்ணும் துல்லியமாகத் தெரிந்த பல அளவு மணிகளைக் கருவியில் ஓட்டி, ஒவ்வொன்றின் சிதறல் மதிப்பையும் குறித்துக்கொள்கிறோம். குஸ்டாவ் மீ 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட கோட்பாட்டின்படி, அந்த மணி அந்த அலைநீளத்தில், கருவியின் ஒளிசேகரிக்கும் கோணங்களுக்குள், எவ்வளவு சிதற வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். கணக்கும் அளவீடும் பொருந்தும் மாறிலி கிடைத்துவிட்டால், கருவியின் தன்னிச்சையான அலகுகள் சதுர நானோமீட்டரில் கூறப்படும் சிதறல் குறுக்குவெட்டாக மாறிவிடுகின்றன. இந்த அலகு எல்லா ஆய்வகங்களுக்கும் பொது.

அடுத்த படி, குறுக்குவெட்டிலிருந்து விட்டத்துக்குச் செல்வது. இதற்கு நுண்பையின் மாதிரியமைப்பு ஒன்றை ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் 1.38, சவ்வினது 1.48, சவ்வின் தடிமன் 6 நானோமீட்டர் என்பது பரவலாகப் பயன்படும் ஓர் ஊகம். விட்டத்தை வெளியிடும்போது இந்த ஊகத்தையும் வெளியிட வேண்டும். ஊகம் மாறினால் விட்டமும் மாறும். கணக்கீட்டைச் செய்ய எஃப்சிஎம்-பாஸ், ரோசெட்டா போன்ற மென்பொருள்கள் உள்ளன. நுண்பைகளைப் போலவே குறைந்த ஒளிவிலகல் தன்மை கொண்ட உள்ளீடற்ற சிலிக்கா மணிகளும் உருவாக்கப்பட்டுள்ளன. அளவுத்திருத்தம் சரியாக அமைந்ததா என்று தனியே சரிபார்க்க அவை உதவும்.

நீர்த்தல் ஏன் இவ்வளவு வலியுறுத்தப்படுகிறது?

லேசர்க் கற்றைக்குள் ஒரே சமயத்தில் ஒரு துகள்தான் இருக்கிறது என்ற எண்ணத்தின்மீதே ஃப்ளோ சைட்டோமெட்ரி நிற்கிறது. நுண்பைகளில் அந்த எண்ணம் எளிதாகப் பொய்த்துவிடும். ஒளியூட்டப்படும் கன அளவு 50 பிக்கோலிட்டர் என்றும், மாதிரியில் ஒரு மில்லிலிட்டருக்கு 1,000 கோடி துகள்கள் இருக்கின்றன என்றும் வைத்துக்கொண்டால், எந்த நொடியிலும் கற்றைக்குள் சுமார் 500 துகள்கள் இருக்கும். தனித்தனியே கண்டறிய முடியாத அளவுக்கு மங்கலான இத்துகள்கள் கூட்டாகச் சேர்ந்து வாசல் அளவைத் (கருவி ஒரு நிகழ்வைப் பதியத் தேவையான குறைந்தபட்சச் சமிக்ஞையை) தாண்டும்போது, சந்தைக் கூட்டத்தின் இரைச்சல் தொலைவில் ஒரே குரலாகக் கேட்பதுபோல, கருவி அவற்றை ஒரே நிகழ்வாகப் பதிகிறது. திரள் கண்டறிதல் எனப்படும் இந்த விளைவு 2012ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களால் தெளிவாக விளக்கப்பட்டது. அதே 50 பிக்கோலிட்டர் கணக்கில், கற்றைக்குள் சராசரியாகப் பத்தில் ஒரு துகளுக்கு மேல் இராதிருக்க வேண்டுமானால், மில்லிலிட்டருக்கு 20 லட்சம் துகள்கள் என்ற அளவுக்கு நீர்க்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு நீர்ப்பது என்பதை மாதிரியிடமே கேட்க வேண்டும். படிப்படியாக நீர்த்து ஒவ்வொன்றையும் அளந்தால், துகள்கள் தனித்தனியே கண்டறியப்படும் பகுதியில் எண்ணிக்கை நீர்த்தலுக்கு நேர்விகிதத்தில் குறையும்; ஒவ்வொரு நிகழ்வின் ஒளிர்வும் சிதறலும் மாறாமல் நிற்கும். இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எண்ணிக்கை மட்டும் அழகாக நேர்கோட்டில் இறங்கி, ஒளிர்வின் இடைநிலை மதிப்பும் கூடவே இறங்கிக்கொண்டிருந்தால், அங்கே அளக்கப்படுவது திரள்தான். ஒவ்வொரு புதிய மாதிரி வகைக்கும் இதைத் தனியே செய்ய வேண்டும். ஒருவருடைய பிளாஸ்மாவுக்குப் பொருந்திய நீர்த்தல், கொழுப்பு மிகுந்த இன்னொருவருடைய பிளாஸ்மாவுக்குப் பொருந்தாமல் போகலாம்.

வாசலைச் சிதறலில் வைப்பதா, ஒளிர்வில் வைப்பதா?

இரண்டிலும் இழப்பு உண்டு. சிதறலில் வைத்தால் குறியீடு பெறாத நுண்பைகளும் பதிவாகும், ஆனால் அவற்றோடு லிப்போபுரதங்களும் (இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்கள்) மாதிரியைச் சூழ்ந்து ஓடும் உறைதிரவத்தின் தூசியும் மின்னணு இரைச்சலும் வந்து சேரும். ஒளிர்வில் வைத்தால், சிதறல் எல்லைக்குக் கீழே உள்ள சிறு நுண்பைகளையும் பிடிக்க வாய்ப்புண்டு. ஆனால் சாயம் ஏறாதவை முற்றிலும் மறைந்துவிடும், ஆன்டிபாடித் திரட்டுகளோ தவறாமல் பதிவாகும். ஒரு குறிப்பிட்ட செல்வகையிலிருந்து வந்த நுண்பைகளை மட்டும் எண்ணுவது நோக்கமானால், பளிச்சென்ற சாயத்துடன் ஒளிர்வு வாசலே நல்லது என்பது என் கருத்து. எதைத் தேர்ந்தாலும், வாசல் மதிப்பை அளவுத்திருத்தம் செய்த அலகில் குறிப்பிடுங்கள்.

எந்த ஒளிர்சாயத்தைத் தேர்வது?

பத்து மூலக்கூறுகளை மட்டுமே தேடும்போது, கைவசம் உள்ளவற்றில் மிகப் பளிச்சென்றதை அரிதான புரதத்துக்குக் கொடுக்க வேண்டும். ஃபைக்கோஎரித்ரின் பலராலும் விரும்பப்படுவது இதனால்தான். ஒளிர்வையும் எம்இஎஸ்எஃப் எனப்படும் சமானச் சாய மூலக்கூறு எண்ணிக்கைக்கு மாற்றி வெளியிட வேண்டும். இங்கே ஒரு கவனம் தேவை. சந்தையில் கிடைக்கும் அளவுத்திருத்த மணிகள் பெரும்பாலும் செல்களுக்காகச் செய்யப்பட்டவை. நுண்பைகளைவிட மிகப் பளிச்சென்றவை. ஆகவே அளவுத்திருத்தக் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டிப் பயன்படுத்துகிறோம். கண்டறிவான் அப்பகுதியிலும் நேர்கோட்டில் இயங்குகிறதா என்று உறுதிசெய்யாமல் அப்படி நீட்டக் கூடாது.

சவ்வில் கரையும் பொதுச் சாயங்களைக் கொண்டு எல்லா நுண்பைகளையும் குறியிடலாமா?

பிகேஎச் வகைச் சாயங்கள் நீர்க்கரைசலில் தாமாகவே ஒன்றுதிரண்டு நுண்பையின் அளவிலேயே துகள்களை உண்டாக்குகின்றன. நுண்பையே இல்லாத பஃபரிலும் அவை 'நுண்பைகளாக' எண்ணப்படும். இவற்றைப் பயன்படுத்துவோர் சாயம் மட்டும் கலந்த பஃபரின் முடிவைக் காட்டாவிட்டால் அந்த எண்களை ஏற்க வேண்டியதில்லை. சிஎஃப்எஸ்இ போன்ற சாயங்கள் உள்ளே எஸ்டரேஸ் நொதி இருந்தால் மட்டுமே ஒளிர்வதால், நொதியில்லாத நுண்பைகளை விட்டுவிடும்.

அனெக்சின்-5 எல்லா நுண்பைகளுக்கும் பொதுவான குறியீடுதானே?

அல்ல. வெளிப்புறத்தில் பாஸ்ஃபாட்டிடைல்செரின் என்ற சவ்வுக் கொழுப்பைக் காட்டும் நுண்பைகளோடு மட்டுமே அந்தப் புரதம் பிணைகிறது; எல்லா நுண்பைகளும் அதைக் காட்டுவதில்லை. தவிர, அனெக்சின் பிணைய கால்சியம் வேண்டும். அந்தக் கால்சியத்தைப் பாஸ்பேட் உப்புக் கரைசலில் சேர்த்தால் கால்சியம் பாஸ்பேட் நுண்படிகங்கள் தோன்றும்; அனெக்சின் அவற்றோடும் ஒட்டிக்கொள்வதால், கருவித் திரையில் அவை நேர்த்தியான நுண்பைத் தொகுதி போலவே காட்சி தரும். பாஸ்பேட்டைத் தவிர்த்து ஹெப்பஸ் பஃபரைப் பயன்படுத்துவதும், கால்சியத்தோடு பிணைந்துகொள்ளும் இடிடிஏ சேர்த்த கட்டுப்பாட்டு மாதிரியை ஓட்டுவதும் நல்லது. கால்சியம் தேவைப்படாத லாக்டாதெரின் என்ற புரதம் ஒரு மாற்று வழி.

எந்தெந்தக் கட்டுப்பாட்டு மாதிரிகளைத் தவிர்க்கவே கூடாது?

வடிகட்டிய பஃபர் மட்டும், பஃபரில் ஆன்டிபாடி மட்டும், சாயமேற்றாத மாதிரி, ஒரே சாயம் ஏற்றிய மாதிரிகள், ஐசோடைப் கட்டுப்பாடு (தேடும் புரதத்தோடு பிணையாத, அதே வகை ஆன்டிபாடி சேர்த்த மாதிரி), டிடர்ஜென்ட் சேர்த்த மாதிரி, மேலே சொன்ன நீர்த்தல் வரிசை. இவற்றுள் அதிகம் புறக்கணிக்கப்படுவது இரண்டாவது. ஆன்டிபாடிக் குப்பிக்குள் சிறு திரட்டுகள் எப்போதும் இருக்கும். செல் அளவீட்டில் அவை வாசலுக்குக் கீழே போய்விடுகின்றன, இங்கே அவை நுண்பையாகவே தெரிகின்றன. சாயமேற்றும் முன் ஆன்டிபாடியைச் சுமார் 18,000 ஜி (புவியீர்ப்பைப்போல் 18,000 மடங்கு) விசையில் 5 நிமிடம் சுழற்றி மேல்திரவத்தை மட்டும் எடுப்பது எளிய பயனுள்ள பழக்கம். பஃபரை 0.1 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிகட்ட வேண்டும்.

ஐசோடைப் கட்டுப்பாடு, உண்மையான ஆன்டிபாடியின் அதே செறிவிலும் அதே சாயத்திலும் இருந்தால் மட்டுமே பொருளுடையது. இரு உற்பத்தியாளர்களின் குப்பிகளை 'தலா 5 மைக்ரோலிட்டர்' என்று சேர்ப்பது ஒப்பீடு ஆகாது. மேலும், எல்லா மாதிரிகளும் ஒரே ஓட்ட வேகத்தில், ஒரே நேர அளவு ஓட்டப்பட வேண்டும். அடர்த்தியான மாதிரிக்கு அடுத்து வெற்றுப் பஃபரை ஓட்டி, முந்தையதன் எச்சம் கழிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

டிடர்ஜென்ட் சேர்த்தவுடன் நிகழ்வுகள் மறைந்தால், அவை நுண்பைகள் என்று நிறுவியதாகுமா?

அது ஆதரவான சான்று, நிறுவல் அன்று. டிரைட்டான் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட் சவ்வைக் கரைக்கும். புரதத் திரட்டுகளும் நோயெதிர்ப்புக் கூட்டுகளும் பெரும்பாலும் அதற்குத் தப்பிவிடும். எனவே டிடர்ஜென்டுக்குப் பிறகும் நிற்கும் நிகழ்வுகளை நுண்பைக் கணக்கிலிருந்து நீக்குவது நியாயமே. ஆனால் சில நுண்பைகள் குறைந்த செறிவுக்கு இணங்குவதில்லை. டிடர்ஜென்ட் தானே மிசெல்கள் எனப்படும் நுண்ணிய திரட்டுகளை உண்டாக்கும் என்பதால் பஃபரும் டிடர்ஜென்டும் மட்டும் கலந்த மாதிரியும் தேவை. சேர்த்த அளவினால் ஏற்படும் நீர்த்தலைக் கணக்கில் எடுக்க மறந்துவிடுவதும் உண்டு.

இரத்த மாதிரியை எப்படி எடுத்துப் பக்குவப்படுத்துவது?

கருவிக்கு வருமுன்பே பாதிக் காரியம் முடிந்துவிடுகிறது. 21 கேஜ் அல்லது அதைவிட அகலமான ஊசி, சிட்ரேட் குழாய், முதல் குழாயை ஒதுக்கிவிடுதல், குழாயைக் குலுக்காதிருத்தல் ஆகியவை தட்டணுக்கள் கிளர்ச்சியடைவதைக் குறைக்கின்றன. பிறகு 2,500 ஜி விசையில் 15 நிமிடம் வீதம் இருமுறை சுழற்றி, அடியிலிருக்கும் படிவைத் தொடாமல் மேல்பகுதியை மட்டும் எடுப்பது பரவலான நடைமுறை. இரண்டாவது சுழற்சியை மிச்சப்படுத்துவோர் அறிய வேண்டியது ஒன்று: பிளாஸ்மாவில் எஞ்சிய தட்டணுக்கள் உறையவைத்து உருக்கும்போது சிதைந்து, தட்டணுக்களுக்குரிய சிடி61 புரதம் கொண்ட எண்ணற்ற துணுக்குகளாகின்றன. அவை நோயாளியின் உடலில் இருந்தவை அல்ல; குளிர்பெட்டியில் பிறந்தவை. நோயாளிக் குழுவின் மாதிரிகள் நெடுநாள் உறைநிலையிலும் ஒப்பீட்டுக் குழுவின் மாதிரிகள் புதிதாகவும் இருந்தால், குழுக்களிடையே காணப்படும் வேறுபாட்டை நம்ப முடியாது.

லிப்போபுரதங்கள் தனிச் சிக்கல். பிளாஸ்மாவில் அவற்றின் எண்ணிக்கை நுண்பைகளைவிடப் பல படிகள் அதிகம். ஒளிவிலகல் எண்ணும் கூடுதல். உணவுக்குப் பின் தோன்றும் கைலோமைக்ரான்கள் என்ற லிப்போபுரதங்கள் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் வரை பெரிதாகலாம். எனவே முடிந்தவரை வெறும் வயிற்றில் எடுத்த மாதிரியைக் கேளுங்கள். செல் வளர்ப்பு ஊடகத்தில் பணிபுரிவோருக்கு இணையான எச்சரிக்கை, மாட்டுக்கன்றுச் சீரமே நுண்பைகள் நிறைந்தது என்பது.

அளக்குமுன் நுண்பைகளைப் பிரித்தெடுக்க வேண்டுமா?

பல நேரங்களில் வேண்டியதில்லை. பிளாஸ்மாவை நேரடியாகச் சாயமேற்றி நன்கு நீர்த்தாலே பிணையாத ஆன்டிபாடியின் பின்னணி பெரும்பாலும் தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கிவிடும். அதிவேகச் சுழற்சி நுண்பைகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதால் ஒற்றைத் துகள் அளவீட்டுக்கு உகந்ததன்று. பின்னணி அதிகமாக இருந்தால், துகள்களை அளவுவாரியாகப் பிரிக்கும் நிரல் (நுண்துளை மணிகள் நிரப்பிய குழாய்) மேலானது.

நான் அளந்தவற்றை 'எக்சோசோம்கள்' என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. அந்தச் சொல் செல்லுக்குள் எண்டோசோம் என்ற உட்பை வழியாக உருவானவற்றைக் குறிக்கிறது. ஃப்ளோ சைட்டோமீட்டர் பிறப்பிடத்தை அளப்பதில்லை. எக்சோசோம்களின் அடையாளமாகப் பலர் கருதும் சிடி63 புரதம் இருப்பதும் அதற்குச் சான்றாகாது.

நானோதுகள் தடமறி கருவி காட்டும் எண்ணிக்கை ஃப்ளோ சைட்டோமெட்ரியின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கிறதே?

இருக்கத்தான் செய்யும். துகள்களின் அசைவைப் பின்தொடர்ந்து அளக்கும் அந்தக் கருவி வழக்கமான பயன்பாட்டில் நுண்பை, லிப்போபுரதம், புரதத் திரட்டு என்று பிரித்தறியாமல் சிதறும் துகள் அனைத்தையும் எண்ணுகிறது. அதன் கண்டறியும் எல்லையும் வேறு. ஒன்றைக் கொண்டு மற்றதைச் 'சரிபார்க்க' முயல்வதைவிட, இரண்டின் எல்லைகளையும் அருகருகே எழுதுவது மேல்.

செறிவை எப்படி வெளியிடுவது?

எண்ணப்பட்டவை எவை, எந்த எல்லைக்கு மேல், எவ்வளவு கன அளவில் என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக: 'சிடி61 ஆன்டிபாடியின் ஒளிர்வு 50 எம்இஎஸ்எஃப்-க்கு மேலும், சிதறலிலிருந்து கணித்த விட்டம் 200 நானோமீட்டருக்கு மேலும் உள்ள துகள்கள், ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவுக்கு இத்தனை.' கன அளவுக்குக் கருவி காட்டும் ஓட்ட வேகத்தை அப்படியே நம்பாமல், ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் குழாயை எடைபோட்டு அந்த வேகத்தைச் சரிபார்க்கலாம். இரு ஆய்வகங்களை ஒப்பிடும்போது, எல்லை உயர்வாக உள்ள கருவி எதைக் காண்கிறதோ அந்தப் பகுதிக்குள் மட்டுமே ஒப்பிட வேண்டும். நுண்ணிய கருவி கூடுதலாகக் கண்டவற்றை அந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

இதற்கென வகுக்கப்பட்ட அறிக்கை நெறிமுறை உண்டா?

உண்டு. செல்வெளி நுண்பைகளுக்கான பன்னாட்டுச் சங்கமும், சைட்டோமெட்ரி, இரத்த உறைவு ஆகிய துறைகளின் பன்னாட்டுச் சங்கங்களும் சேர்ந்து அமைத்த பணிக்குழு, 2020ஆம் ஆண்டில் மிஃப்ளோசைட்-இவி என்ற சட்டகத்தை வெளியிட்டது. மாதிரிப் பக்குவம், கட்டுப்பாடுகள், கருவி அளவுத்திருத்தம், கண்டறியும் எல்லை, தரவுப் பகிர்வு ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. கட்டுரை எழுதும்போது அதை நிரப்பத் தொடங்குவோர், ஓட்டாமல் விட்ட கட்டுப்பாட்டு மாதிரியை அப்போதுதான் கண்டுபிடிப்பார்கள். சோதனையைத் திட்டமிடும் நாளிலேயே அதை எடுத்து மேசையில் வைத்துக்கொள்வது நல்லது. நுண்பை ஆய்வு முழுமைக்குமான மைசெவ் வழிகாட்டுதல்கள் 2014, 2018, 2023 ஆகிய பதிப்புகளாக வந்துள்ளன.

புதிய கருவி வாங்கினால் இச்சிக்கல்கள் தீருமா?

எல்லை கீழே இறங்கும். அது பெரிய நன்மைதான். திரள், ஆன்டிபாடித் திரட்டு, லிப்போபுரதம், குழாயில் எஞ்சிய தட்டணு ஆகியவை அப்படியே இருக்கும். நுண்ணிய கருவி அவற்றையும் கூடுதலாகவே காண்கிறது.

நான் தேடிய புரதம் ஒரு மாதிரியில் தென்படவில்லை. அது நுண்பைகளில் இல்லை என்று எழுதலாமா?

உங்கள் ஒளிர்வு எல்லை 100 சாய மூலக்கூறுகள் என்றும், நுண்பைக்குப் பத்து ஆன்டிபாடிகளும் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சாய மூலக்கூறுகளும் ஒட்டக்கூடும் என்றும் கொண்டால், அந்தப் புரதம் ஒவ்வொரு நுண்பையிலும் இருந்தாலும் உங்கள் திரையில் ஒரு புள்ளியும் தோன்றாது. 'எங்கள் கண்டறியும் எல்லைக்கு மேல் காணப்படவில்லை' என்று எழுதி, அந்த எல்லையின் மதிப்பை அருகிலேயே குறிப்பிடுங்கள். மணிகளைப் பிடிபொருளாகப் பயன்படுத்தி ஒரே மணியில் பல நுண்பைகளைச் சேர்த்து அளக்கும் முறை அத்தகைய மங்கலான புரதங்களைக் காட்டக்கூடும். ஆனால் அதில் ஒற்றை நுண்பையின் எண்ணிக்கையும் அளவும் கிடைக்காது என்பதால், அந்த முடிவைத் தனி அட்டவணையில் தர வேண்டும்.